இரண்டு விசில் வைத்திருந்த ஸார்

என் மகளின் வாலிபால் ஸாரிடம் இரண்டு விசில்கள் இருந்தன. பகலில் கல்கத்தா பாலிகஞ்சில் அவளுடைய பள்ளியில் அவர் ஊதியது கறுப்பு பிளாஸ்டிக் விசில். பள்ளியின் பெயர் அச்சடித்த நீல நாடாவில் தொங்கும். சாயங்காலம் டாக்குரியாவில், ஏரிப் பக்கத்து மைதானத்தில், தன்னுடைய கிளப்பில் ஊதியது ஸ்டீல் விசில். அதற்குச் சிவப்புக் கயிறு. பள்ளி விட்டுச் சைக்கிளில் ஏறும்போதே நீல நாடாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சிவப்புக் கயிற்றை மாட்டிக்கொள்வார். கேரியரில் வலைப்பை நிறையப் பந்துகள். அவை பள்ளியின் பந்துகளா கிளப்பின் பந்துகளா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் பள்ளிக்குப் போகும், சாயங்காலம் கிளப்புக்கு வரும், அவரைப் போலவே.

இதை நான் கோபத்தோடு எழுதவில்லை. இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. தக்காளிக்காரன் அடியில் இரண்டு அழுகலைத் தள்ளிவிடுவது கண்ணுக்குத் தெரிகிறது, பையை நீட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஆட்டோவில் நடு சீட்டில் உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். என் கணவர் இதைப் பார்த்துப் பயந்து, ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். அதற்கும் நான் சண்டை போடாததில் அவர் இன்னும் பயந்துவிட்டார்.

முன்பு நான் இப்படி இல்லை. பிறந்தது ஹவுராவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு வொர்க்‌ஷாப்பில் வேலை. எங்கள் வரிசைக் குழாயடியில் யாராவது குறுக்கே வாளியை நுழைத்தால் முதலில் வாயைத் திறப்பது நான்தான். பெரியவர்கள், சின்னவர்கள் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். "இது வாயை வச்சே பொழச்சுக்கும்" என்பார் அப்பா. பிழைத்தது வாயால் இல்லை, பரீட்சை எழுதித்தான். அரசாங்க இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்து, கிளெய்ம் செக்‌ஷனில் உட்கார்ந்தேன். அங்கே என் குணத்துக்கு ஏற்ற ஒரு வழக்கம் இருந்தது. உறவுக்காரர், சிநேகிதர், ஒரே தெருவில் குடியிருப்பவர் என்று நமக்குத் தெரிந்த யாருடைய ஃபைலாவது வந்தால் நாம் அதைத் தொடக் கூடாது. பக்கத்து டேபிளுக்குத் தள்ளிவிட வேண்டும். நல்லது செய்யவும் கூடாது, கெட்டது செய்யவும் கூடாது, தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பலர் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். நான் விட்டதே இல்லை. என் சொந்தச் சித்தப்பாவின் ஃபைல் வந்தபோது பெயரைப் பார்த்த மாத்திரத்தில் தள்ளினேன். பக்கத்து டேபிள்காரர் லீவில் இருந்தார். ஃபைல் அவர் வரும்வரை அங்கேயே கிடந்தது. "ஒரு கையெழுத்துப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று சித்தப்பா கேட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பாகற்காய் பரிமாறினால் அதைத் தட்டோடு அப்பா பக்கம் நகர்த்திவிட்டு, என் குரலிலேயே, "தெரிஞ்சவங்க ஃபைல், பக்கத்து டேபிள்" என்பாள். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

அவள் வாலிபால் ஆட ஆரம்பித்தது பள்ளியில்தான். செட்டர். வாலிபாலில் எல்லோரும் பார்ப்பது எகிறி அடிக்கிறவளை. அவள் அடிப்பதற்குத் தோதாகப் பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பவள்தான் செட்டர். பந்து எப்படித் தாறுமாறாக வந்தாலும் அவள் அதன் அடியில் போய் நிற்க வேண்டும், பத்து விரலாலும் வாங்கி உடனே அனுப்பிவிட வேண்டும். கைதட்டல் அடித்தவளுக்கு. என் மகளுக்கு அதுதான் பிடித்திருந்தது. வீட்டில் அவள் அறைச் சுவரில் ஓயாமல் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பாள். சுவரில் ஒரே இடத்தில் வட்டமாக அழுக்கு ஏறிவிட்டது. கீழ் ஃபிளாட்டில் நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் வங்காளி அம்மாள் மேலே வந்து, தலைக்குள் தட்டுவது மாதிரி இருக்கிறது என்று புலம்பிவிட்டுப் போவார். நான் மகளைத் திட்டுவேன். அவள் போர்வையைச் சுவரில் தொங்கவிட்டுக்கொண்டு அதன்மேல் தட்டுவாள்.

எட்டாம் வகுப்பில் அவள்தான் பள்ளி டீமின் செட்டர். பத்தாவது முடிவதற்குள் மாவட்ட டீமுக்கான தேர்வுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குத் தனியாகப் போக முடியாது. பள்ளி டீமில் ஆடியிருக்க வேண்டும், பள்ளிதான் அனுப்ப வேண்டும், யாரை அனுப்புவது என்று ஸார்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு எதன்மீதும் இவ்வளவு ஆசை இருந்து நான் பார்த்ததில்லை. புது ஃபோன் வேண்டுமா என்றுகூட ஒரு பிறந்தநாளுக்குக் கேட்டோம். முழங்கால் பட்டை போதும் என்றாள்.

ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குடிசைப் பக்கத்திலிருந்து வருகிறவள். சின்ன வயதிலிருந்து ஸாரின் கிளப்பில் ஆடியவள். நல்ல பள்ளியில் படிக்கட்டும் என்று ஸார்தான் பிரின்சிபாலிடம் பேசி, ஆட்டத்துக்காக ஃபீஸ் சலுகையோடு சேர்த்துவிட்டிருந்தார். அவளும் செட்டர். அந்த வருஷத்து முதல் மேட்சில் அவள் உள்ளே நின்றாள், என் மகள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அந்த வாரமே பள்ளி வாசலில் ஸாரைப் பிடித்தேன். நாங்கள் பேசியது வங்காள மொழியில். நான் எப்படிக் கேட்டேனோ அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"போன வருஷம் முழுக்க செட் பண்ணது என் பொண்ணு. இந்த வருஷம் அவ கைக்கு என்ன ஆச்சு ஸார்?"

"கைக்கு ஒண்ணும் ஆகல பௌதி. அவ கை நல்ல கை." அவர் என்னைப் பௌதி என்பார். அண்ணி என்று அர்த்தம். கல்கத்தாவில் கல்யாணம் ஆனவள் எல்லோருக்கும் அண்ணிதான். "ஆனா காம்பினேஷன்னு ஒண்ணு இருக்கு. டீம்ல அடிக்கிற பொண்ணுங்க நாலு பேரும் சாயங்காலம் என்கிட்ட கிளப்ல ஆடறாங்க. அந்தப் பொண்ணு தினமும் அவங்களுக்குப் போடறா. யாரு எவ்வளவு உயரம் எகிறுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். உங்க பொண்ணையும் சாயங்காலம் அனுப்புங்க. கொஞ்ச நாள்ல இவளுக்கும் தெரிஞ்சிடும்."

"அப்போ கிளப்புக்கு வந்தாதான் ஸ்கூல் டீமா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "ரெண்டு இடத்துலயும் அதே நெட், அதே கோர்ட் பௌதி. பசங்க ஆடினா சரி" என்றார். பையிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்து மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போனார்.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். அடுத்த மேட்சுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் பந்தை அனுப்பினாள், அங்கே ஒருத்தி ஏற்கெனவே காற்றில் இருந்தாள். என் மகள் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினாள். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. பள்ளி டீமை அவர் பள்ளியில் தேர்ந்தெடுக்கவில்லை. சாயங்காலம் கிளப்பில் தேர்ந்தெடுத்துவிட்டு, காலையில் அதற்குப் பள்ளியின் பனியனைப் போட்டுவிடுகிறார்.

மகளுக்குக் கிளப்பில் சேர ஆசைதான். என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்தான் அவள் 'அம்மா' என்பாள். மற்ற நேரமெல்லாம் வங்காளிப் பெண்கள் மாதிரி 'மா'. அன்று இரண்டு தடவை அம்மா என்றாள்.

"அம்மா, நடந்து போற தூரம்தானே அம்மா. போறேனே."

"ஸ்கூல்ல உனக்குக் கிடைக்க வேண்டியதை ஸ்கூல்ல வாங்கு. அதுக்கு ஏன் சாயங்காலம் அவர் கிளப்புக்குப் போய் நிக்கணும்?"

"அனுப்பேன், என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் கணவர். பாங்கில் வேலை பார்க்கிறவர். வரிசையில் நிற்கும்போது நாலு பேர் முந்திக்கொண்டு போனாலும் அவர்களுக்கு ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொள்கிற ஜாதி. அவர் பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மகள் வற்புறுத்தவும் இல்லை, அழவும் இல்லை. அறைக்குள் போய்ப் போர்வையைத் தொங்கவிட்டுப் பந்தைத் தட்ட ஆரம்பித்தாள்.

ஆச்சரியம் என்னவென்றால், அவளும் அந்தப் புதுப் பெண்ணும் நெருக்கமாகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். இவள் அவளுக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லிக் கொடுப்பாள், அவள் இவளுக்கு முதுகுக்குப் பின்னால் பந்து அனுப்பக் கற்றுக் கொடுப்பாள். இட்லி என்றால் அவளுக்கு உயிர். சட்னியைக் கிண்ணத்தோடு குடிப்பாள். என் மகளுடைய இடத்தில் நிற்கிறவள் என்று தெரிந்தும் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் எல்லாம் விசில்காரர்மேல்.

குளிர்காலம் வந்தது. இந்த ஊரில் குளிர்காலம் என்றால் தெருவுக்குத் தெரு பல்பு கட்டி டோர்னமென்ட். ஹவுரா பக்கம் ஒரு மைதானத்தில் கிளப்புக்கு மேட்ச், அதே நாள் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் எங்கள் பள்ளிக்கு அரையிறுதி. இரண்டையும் அவர்தான் ஒப்புக்கொண்டிருந்தார். ஒருவேளை தேதி மாறும் என்று நினைத்திருப்பார். மாறவில்லை. அவர் கிளப்போடு போனார். கிளப்பில் ஆடும் ஐந்து பெண்களும் அவரோடு படகில் ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள். உடம்பு சரியில்லை என்று ஐந்து பேர் வீட்டிலிருந்தும் பள்ளிக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஸார் தனக்கும் காய்ச்சல் என்றார்.

பள்ளி டீமை அழைத்துக்கொண்டு போனது பூகோள டீச்சர். பாவம், குடையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். எப்போது ஆள் மாற்றுவது, எப்போது டைம் அவுட் கேட்பது என்று ஒன்றும் தெரியாது. என் மகள் அன்று உள்ளே நின்றாள். நேர் செட்களில் தோற்றார்கள். வீட்டுக்கு வந்தவளுக்குப் பசி. நின்றபடியே தயிர்சாதத்தை அள்ளிச் சாப்பிட்டாள். முழங்கால் பட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மா, அஞ்சு பேர் வரல, முழு மேட்சும் நான்தான் ஆடினேன். எங்க டீம்ல ஒருத்தி இருக்கா, அடிக்கவே வராது, அவளே இன்னிக்கு மூணு பந்து அடிச்சா. நான் போட்டு அவ அடிச்சா."

அவள் முகம் அன்று எப்படி இருந்தது என்பதை நான் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். அன்று என் காதில் விழுந்தது வேறு.

"ஸார் வரலையா?"

"ஸாருக்குக் காய்ச்சல்."

"அஞ்சு பேருக்கும் காய்ச்சலா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. தட்டைக் கழுவப் போனாள். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் இருந்தது. நான் என்ன செய்யப் போகிறேன் என்று என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மா, ப்ளீஸ். கிச்சு போலோ நா. ஒண்ணும் சொல்லாதே. நான் பெஞ்ச்லயே இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்ல."

"உனக்காக இல்ல. இது தப்பு. தப்பைத் தப்புன்னு சொல்லணும்."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

கூட்டம் பள்ளியின் பெரிய ஹாலில். மின்விசிறிச் சத்தத்தில் யார் பேசுவதும் சரியாகக் கேட்காது. பஸ் தாமதம், கேன்டீனில் எண்ணெய், வீட்டுப்பாடம் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு நான் எழுந்தேன். எந்த வகுப்பு என்று பிரின்சிபால் கேட்டார். ஒன்பது என்று சொல்லிப் பிரிவையும் சொன்னேன். மகள் வாலிபால் ஆடுகிறாளா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு ஊழியர் ஒரே நேரத்தில் பள்ளிக்கும் வெளியிலுள்ள கிளப்புக்கும் பயிற்சி கொடுத்தால், இரண்டும் மோதும் நாளில் அவர் யாருடைய ஆள் என்று கேட்டேன். பள்ளிப் பந்துகள் சாயங்காலம் எங்கே போகின்றன என்று கேட்டேன். எங்கள் ஆபீஸில் இதற்கெல்லாம் விதி இருக்கிறது, இங்கே ஏன் இல்லை என்று கேட்டேன். நன்றாகவே பேசினேன். குரல் ஏறவில்லை. பின்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். "நியாயமான கேள்வி" என்றார் பிரின்சிபால். வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நாங்க எல்லாரும் நினைச்சதை நீங்க சொன்னீங்க" என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. காற்று முகத்தில் அடித்தது. சந்தோஷமாக இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

சில வாரங்களில் பள்ளி ஒரு விதி கொண்டுவந்தது. இங்கே பயிற்சி கொடுப்பவர் வெளியில் கொடுக்கக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். இதில்தான் என் கணக்கு பிசகியது. அரசாங்க ஆபீஸ்காரி நான். நிலையான இடத்தை யாரும் விட மாட்டார்கள், அவர் பள்ளியில் தங்கிவிடுவார், கிளப்பை விடுவார், பள்ளி டீம் பள்ளியிலேயே தேர்வாகும் என்று நினைத்துவிட்டேன். பள்ளியில் அவருக்கு நிலையான இடமே இல்லை என்பதும், வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை அது என்பதும் எனக்குத் தெரியாது. கிளப் அவர் கையால் நட்ட கம்பத்தில் ஆரம்பித்தது. அவர் கிளப்பைத் தேர்ந்தெடுத்தார்.

கடைசி நாள் நீல நாடாவை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனாராம். பந்துகளைப் பிரித்து எடுக்க முடியவில்லையாம். எது யாருடையது என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பள்ளியிலேயே வைத்துவிட்டார். பெண்கள் அழுதார்கள் என்று மகள் சொன்னாள். நீ அழுதாயா என்று நான் கேட்கவில்லை.

வேறு ஸார் வருவார் என்று பள்ளி சொன்னது. வரவில்லை. சாயங்காலம் எங்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்றால் அந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்கள். கிளப்பில் ஆடிய பெண்கள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்கு மாறினார்கள். ஸார் அங்கே சேர்ந்திருந்தார். தண்டவாளத்துப் பெண்ணின் சலுகை டீமுக்காகக் கொடுத்தது. டீம் இல்லை என்றால் சலுகைக்கு வேலை இல்லை. வருஷ முடிவில் அவளும் போனாள். போவதற்கு முந்தைய ஞாயிறு வந்து, எப்போதும்போல இட்லி சாப்பிட்டாள். கூட்டத்தில் பேசியது நான்தான் என்று ஒருவேளை அவளுக்குத் தெரியாதோ என்று நினைத்தேன். தெரியும் என்று பிறகு தெரிந்தது. சட்னியை அன்று கிண்ணத்தோடு குடிக்கவில்லை.

பள்ளியில் வலையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கம்பம் இரண்டும் நிற்கின்றன. இடையில் டீச்சர்களின் ஸ்கூட்டர்கள். பத்தாம் வகுப்பு முழுக்க எங்கள் பள்ளியிலிருந்து எந்த டீமும் எங்கும் போகவில்லை. மாவட்டத் தேர்வு நடந்த நாள் என் மகள் வீட்டில் இருந்தாள். அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தாள். நான் சுண்டல் செய்து கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள்.

எனக்கு அப்போதிலிருந்துதான் ஒன்றும் தோன்றுவதில்லை. அழுகை வந்தால் அழுதுவிடலாம். கோபம் வந்தால் யாரிடமாவது காட்டலாம். யாரிடம் காட்டுவது? பள்ளி நான் கேட்டதைத்தான் செய்தது. ஸார் சட்டப்படி விலகினார். எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல் மனம் மரத்துக் கிடக்கிறது. தொட்டால் தொட்டது தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை.

போன துர்கா பூஜை விடுமுறைக்கு முன்னால் டாக்குரியா ஸ்டேஷன் பாலத்தில் ஸாரைப் பார்த்தேன். நான் இறங்கிக்கொண்டிருந்தேன், அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். சைக்கிளைக் கீழே வைத்துவிட்டு நின்றார். கழுத்தில் பச்சை நாடா. புதுப் பள்ளியினுடையது. பையிலிருந்து சிவப்புக் கயிறு எட்டிப் பார்த்தது. அதே மனிதர், அதே இரண்டு விசில். முன்பு என்றால் அங்கேயே பிடித்திருப்பேன்.

"பௌதி, பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. படிக்கிறா."

"ஆடறாளா?"

"இல்ல."

அவர் சைக்கிளைப் பாலத்துக் கம்பியில் சாய்த்தார். "அந்தப் பொண்ணு இப்போ நல்லா உயரமாயிட்டா. அவளை அடிக்கிற இடத்துக்கு மாத்திட்டேன். செட்டர் இடம் காலியா இருக்கு. உங்க பொண்ணைச் சாயங்காலம் அனுப்புங்க. கிளப் வழியாவும் மேல போக முடியும். ஸ்கூல்தான் வேணும்னு இல்ல. அவ கை நல்ல கை, நான் அன்னிக்கே சொன்னேன்."

அவர் என்மேல் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

அன்று சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். செட்டர் இடம் காலியாக இருக்கிறது என்றேன், அவர் தானாகவே கூப்பிட்டார் என்றேன், நாளைக்கே போகலாம் என்றேன். கணவர் நிமிர்ந்து பார்த்தார். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"போகல."

"ஏன்? நான் போகச் சொல்றேனே. நானே கூட்டிட்டுப் போறேன்."

"நான் இப்போ அங்க போனா, நீ அன்னிக்குப் பேசினதெல்லாம் எனக்காகத்தான்னு ஆயிடும். எல்லாரும் அப்படித்தான் ஏற்கெனவே சொல்றாங்க. நான்தான், இல்ல, எங்க அம்மா அப்படி இல்லன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். எப்போதும் எதையாவது சொல்லிவிடுகிற வாய்.

கோபம் வந்தால் அவள் சட்டென்று வங்காளத்துக்குத் தாவிவிடுவாள். அன்று குரலை உயர்த்தவில்லை. முழுக்கத் தமிழிலேயே, நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, அது தெரிஞ்சவங்க ஃபைல். நீ பக்கத்து டேபிளுக்குத் தள்ளியிருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தட்டில் பாகற்காய் இருந்தது. அதை அவள் நகர்த்தவில்லை, முழுவதும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னோடு எப்போதும்போலத்தான் பேசுகிறாள். நாளைக்கு லஞ்ச் என்ன என்று கேட்கிறாள், தலை வலித்தால் தைலம் தேய்த்துவிடுகிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவளுடைய பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் பெருக்கும்போது துடைப்பத்தில் தட்டுப்பட்டது. காற்று இறங்கி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. சைக்கிள் கடைக்கு எடுத்துப்போய்க் காற்றடித்துக்கொண்டு வந்து, அலமாரிமேல் அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். அவள் பார்த்தாள். எடுக்கவில்லை. நான் தினமும் காலையில் அவள் பள்ளிக்குப் போனதும் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். காற்று இறங்கியிருந்தால் மறுபடி அடித்துக்கொண்டு வந்து வைக்கிறேன்.